உடன் வந்த பொருட்களின் பட்டியல்

குடியால் கெட்டவர்களை எனக்குத் தெரியும். சீட்டாட்டத்தால் கெட்டவர்களையும் தெரியும். எலுமிச்சம்பழத்தால் கெட்டவர் திண்டுக்கல் வட்டாரத்திலேயே கண்ணுசாமி ஒருவர்தான். அதுவும் நாலே நாலு பழம்.

அவரிடம் முப்பது வயதான ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. ஜப்பானில் செய்தது, இரண்டே கதவு, நல்ல சிவப்பு. கொடைக்கானலில் ஒரு பங்களாவில் படுதா மூடிக் கிடந்ததை வாங்கி வந்து, தானே பிரித்துப்போட்டுச் சேர்த்து ஓடவைத்தார். செவலை என்று பேர் வைத்தார். கல்யாணத்துக்கு முன்னால் பொண்ணும் மாப்பிள்ளையும் ஆத்தூர் அணைக்கட்டில் போய் வீடியோ எடுத்துக்கொள்ளும் வழக்கம் வந்ததே, அதிலிருந்து செவலைக்கு ஓய்வில்லை. ஓட்டுகிறவர் மூஞ்சியும் வீடியோவில் விழும் என்பதால் கண்ணுசாமி வாரம் தவறாமல் மீசைக்கு மை அடித்துக்கொள்வார். அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது. வேறு பிழைப்பு வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததும் கிடையாது.

கோளாறு டயரில் ஆரம்பித்தது. பதிமூன்று அங்குலச் சக்கரம். அந்த அளவில் நல்ல டயர் இப்போது யாரும் கொண்டுவருவதில்லை. இருந்த டயர்கள் வெடித்துக் கண்டம் கண்டமாகிவிட்டன. வத்தலக்குண்டு ரோட்டில் டயர் கடை வைத்திருக்கும் பீர் முகமது பதினைந்து அங்குல அலாய் சக்கரம் நான்கை மாட்டிக் கொடுத்தார்.

"பாய், சக்கரம் பெருசாயிருச்சே, மேல தகரத்துல ஒரசாதா?"

"ரிம்முதேன் பெருசு கண்ணு. டயரு ஒல்லி. மொத்த ஒசரத்துல ஒரு மில்லிமீட்டருகூட வித்தியாசம் வராது. வேணும்னா நீயே டேப்பு வச்சுப் பாரு."

பார்த்தார்கள். பழைய சக்கரம் ஐம்பத்தேழரை சென்டிமீட்டர். புதுச்சக்கரமும் ஐம்பத்தேழரை சென்டிமீட்டர், மிஞ்சினால் ஒரு மயிரிழை கூடுதல். கண்ணுசாமிக்கு ஒரே சந்தோஷம். அந்த வாரமே ஆத்தூரில் எடுத்த ஒரு கல்யாண வீடியோவை இருபதாயிரம் பேர் பார்த்தார்கள். இருபதாயிரத்து ஒன்றாவதாகப் பார்த்தது மாற்றுச் சக்கர ஒப்புதல் பிரிவு.

அப்படி ஒரு பிரிவு இருப்பதே ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அதைப்பற்றிப் பேசுவதில்லை. பழுப்பு உறையில் கடிதம் வந்தது. 'தங்கள் வாகனத்தின் சக்கரங்கள் காணொளியில் வழக்கத்துக்கு மாறான பளபளப்புடன் காணப்படுகின்றன. வாகனத்துடன் நேரில் வந்து ஒப்புதல் பெற்றுக்கொள்ளவும்.'

பீர் முகமது கடிதத்தைப் படித்துவிட்டு அதை மேசையில் வைத்தார். திருப்பிக் கையில் எடுக்கவில்லை.

"போயித்தேன் ஆவணுமா கண்ணு?"

"அளவு சரியா இருக்கு பாய். நமக்கு என்ன பயம்?"

"அளவு சரியாத்தேன் இருக்கு," என்றார் பாய்.

கண்ணுசாமியின் மனைவி பாண்டிச்செல்வி, வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவர், விடியலில் குளித்து நாலு எலுமிச்சம்பழத்துக்குக் குங்குமம் வைத்துப் பையில் போட்டுக் கொடுத்தார்.

"புதுச் சக்கரத்துக்கு இன்னும் கழிப்புக் கழிக்கல. ஆர்டர் கைக்கு வந்ததும் அங்கனயே பழத்து மேல ஏத்திட்டு வாங்க. மறந்துறாதீங்க."

சாணார்பட்டி ரோட்டில் இருந்து பிரிந்து, கருவேலங்காட்டுக்குள் இரண்டு கிலோமீட்டர் போனால் அந்தப் பிரிவு. சுற்றுச்சுவருக்கு மேலே மலைக்கோட்டை மட்டும் தெரியும், வேறொன்றும் தெரியாது. உள்ளே பெரிய மைதானம். வரிசை வரிசையாக வண்டிகள். முன் வரிசை வண்டிகளில் தூசி. அடுத்த வரிசையில் துரு. அதற்கும் பின்னால் இருந்த வரிசைகளில் பானெட்டைப் பிளந்துகொண்டு வேலிக்கருவை வளர்ந்திருந்தது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஒரு செங்கல். ஒரு பழைய ஜீப்புக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் நின்றிருந்தார். காவல்காரராக இருக்கும் என்று கண்ணுசாமி நினைத்துக்கொண்டார். அந்த மனிதர் அசையவே இல்லை. அவர் தோளில் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது.

கண்ணுசாமி செவலையை நிறுத்தி, வீட்டம்மா சொன்னதை மறக்காமல், நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு பழத்தையும் வைத்துத் தயாராக இருந்தார். பாவி மனுஷன், பையிலேயே வைத்திருந்திருக்கலாம்.

பட்டியல் எழுதுகிற சுகன்யா என்ற அம்மாள் அட்டையும் பேனாவுமாக வந்தார். குங்குமம் வைத்த பழங்களைப் பார்த்ததும் நாலடி பின்னால் போய் நின்றுகொண்டார். அங்கிருந்தபடியே எழுதினார். உடன் வந்த பொருட்கள்: ஸ்டெப்னி ஒன்று. ஜாக்கி ஒன்று. மிதியடி இரண்டு. எலுமிச்சம்பழம், குங்குமத்துடன், சக்கர முகப்பில், நான்கு.

"அம்மா, அது கழிப்புக் கழிக்க வச்ச பழம். அதை எதுக்கு எழுதுறீங்க?"

"கண்ணுல பட்டதை எல்லாம் எழுதணும்ங்கறது விதி சார். கண்ணுல படாம வச்சிருந்தா எழுதியிருக்க மாட்டேன்."

கடைசியாக அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு இன்னொரு வரி எழுதினார். ஓட்டுநர், ஒன்று. மாநிறம், மீசை கறுப்பு, நல்ல நிலையில். கண்ணுசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுகன்யா சிரிக்கவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு, சக்கரத்துக்குச் செங்கல் வைக்க ஆள் அனுப்புவதாகச் சொல்லிப் போனார். செங்கல் வைக்க வந்த ஆள் பழத்தைப் பார்த்ததும் செங்கல்லைத் தூரத்திலேயே போட்டுவிட்டு ஓடினான். யாரோ எவரோ மந்திரித்து வைத்த பழத்தைத் தாண்ட அவனுக்கென்ன பைத்தியமா?

மூன்றாம் நாளே சக்கரத்துக்கு ஒப்புதல் வந்துவிட்டது. இதை நான் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும், அந்தப் பிரிவு சக்கர விஷயத்தில் நேர்மையானது. பிரிவுத் தலைவர் செழியன் கண்ணுசாமியை எதிரில் உட்காரவைத்து, கை கொடுத்தார்.

"வாழ்த்துகள் சார். உங்க சக்கரத்துல ஒரு குறையும் இல்ல. பட்டியலைச் சரிபார்த்துட்டு வண்டியை எடுத்துக்கலாம்."

சரிபார்க்கப் போனார்கள். மூன்று பழம்தான் இருந்தது.

இடது பின்சக்கரத்துப் பழத்தை ஒரு வெள்ளாடு தின்றுவிட்டுப் போயிருந்தது. ஆட்டுக்குப் பட்டியல் தெரியாது. கண்ணுசாமி ஓடிப்போய் ரோட்டோரக் கடையில் ஒரு பழம் வாங்கி வந்து வைத்தார். செழியன் அதைக் குனிந்து பார்த்தார். தொடவில்லை.

"இது உடன் வந்த பழம் இல்லையே சார்."

"இல்ல சார், வேற பழம். அதுவும் எலுமிச்சைதேன்."

"அதாவது மாற்றுப் பழம்."

"ஆமா சார்."

"மூலப்பொருளைவிடக் கொஞ்சம் பெருசா வேற இருக்கு." செழியனின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "சார், இந்தப் பிரிவு எதுக்காக இருக்கு? மூலப்பொருளை எடுத்துட்டுப் பெரிய மாற்றுப்பொருளை மாட்டறவங்களைக் கேள்வி கேக்கறதுக்குத்தான் இருக்கு. எங்க கண்ணு முன்னாலயே மாட்டறீங்களே?"

"எனக்குப் பழமே வேணாம் சார். காரை மட்டும் குடுங்க, கும்பிடுறேன்."

"வேணாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. அதை எழுதிக் குடுக்க எங்ககிட்ட படிவம் இல்ல. பொருள் அழியும் சார். இன்னைக்குப் பழம், நாளைக்குச் சருகு. பட்டியல் அழியாது. அழியாததுக்குத்தான் நாங்க விசுவாசமா இருக்க முடியும்."

மாற்று எலுமிச்சைக்கு மனு எழுதினார் கண்ணுசாமி. மூலப் பழத்தின் அளவு கேட்டார்கள். மூலப் பழம் ஆட்டின் வயிற்றில் இருந்தது. மீதி மூன்றையும் அளந்து சராசரி போடலாம் என்றால், மனு கொடுத்தவர் தொடக் கூடாது, பிரிவிலோ தொட ஆளில்லை. பயம் என்று யாரும் சொல்லவில்லை. தொடுவதற்கான பணியிடம் நிரப்பப்படவில்லை என்றார்கள். அது நிரம்புவதற்குள் அந்த மூன்றும் சுண்டிப்போய்க் கோலிக்குண்டு போல் ஆயின. ஆக இப்போது நான்குமே மாற்றவேண்டியவை. நான்குக்கும் தனித்தனி மனு.

ஆவணி முகூர்த்தம் போனது. ஐப்பசியும் போனது. கல்யாண வீட்டார் வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள். பாண்டிச்செல்வியின் தையல் மெஷின் விடியலில் இருந்து ஓடிக்கொண்டிருந்தது. கண்ணுசாமி தினமும் காலையில் குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு, பஸ் ஏறிப் பிரிவுக்குப் போய், பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் வந்தார்.

"ஏங்க, போயி நாலு பழத்தைத் தூக்கி எறிஞ்சுட்டு வண்டியை எடுத்துட்டு வர்றதுக்கு என்னா? நம்ம வண்டிதானே?" என்றார் பாண்டிச்செல்வி. அவருக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது.

"அப்படியெல்லாம் எடுத்துர முடியாது செல்வி. பட்டியல்னு ஒண்ணு இருக்கு."

"பட்டியலாம் பட்டியல். அதைத் தூக்கி அடுப்புல போடுங்க."

கண்ணுசாமி சுற்றுமுற்றும் பார்த்து, "மெதுவாப் பேசு," என்றார். அவர்கள் வீட்டில் அப்போது வேறு யாரும் இல்லை.

கொஞ்ச நாளில் அவர் பேச்சே மாறிப்போனது. ஒரு நாள் கடையில் வழக்கமான டீத்தூள் கிடைக்காமல் பாண்டிச்செல்வி வேறு வாங்கி வந்தார். கண்ணுசாமி ஒரு வாய் குடித்துவிட்டு, "இது மாத்து ஆச்சே, யாருகிட்டக் கேட்ட?" என்றார். கேலிக்குச் சொல்கிறார் என்று பாண்டிச்செல்வி சிரித்தார். அவர் கேலிக்குச் சொல்லவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

தை மாதம் பிரிவில் சக்கர விழிப்புணர்வு வாரம் கொண்டாடினார்கள். மைதானத்தில் ஷாமியானா போட்டு, காத்திருப்பவர்களை எல்லாம் வரிசையாக உட்காரவைத்து, வடையும் காப்பியும் கொடுத்தார்கள். செழியன் மைக்கைப் பிடித்தார்.

"பெருமையோட ஒண்ணு சொல்றேன். இந்தப் பிரிவு தொடங்கிப் பதினெட்டு வருஷம் ஆகுது. எங்ககிட்ட ஒப்புதலுக்கு வந்த வாகனங்கள்ல ஒண்ணுகூட, ஒண்ணே ஒண்ணுகூட, இதுவரைக்கும் சாலை விபத்துல சிக்கினது கிடையாது."

எல்லாரும் கை தட்டினார்கள். கண்ணுசாமியும் தட்டினார். தட்டிக்கொண்டே திரும்பி மைதானத்தைப் பார்த்தார். பதினெட்டு வருஷத்து வண்டிகளும் அங்கேதான் நின்றன. அவர் கை தானாக நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்கவே, மறுபடி தட்டினார்.

கூட்டம் முடிந்ததும் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றவரிடம் ஒரு வடையைக் கொண்டுபோய் நீட்டினார். அந்த மனிதர் முதலில் வடையைப் பார்த்தார், பிறகு கண்ணுசாமியைப் பார்த்தார்.

"ஏனுங்க, இன்னிக்கி என்ன தேதிங்க?"

"தை பதினொண்ணுங்க."

"அது சரிங்க. எந்த வருசத்துதுங்க?"

கண்ணுசாமி ஓரடி பின்னால் நகர்ந்தார். "நீங்க இங்க வாட்ச்மேன்தானே?" என்று கேட்டார்.

"இல்லீங்க. தொப்பம்பட்டிங்க நம்முளுக்கு. அழகர்சாமின்னு பேருங்க. இந்த ஜீப்புக் கூட வந்தனுங்க." வடையை வாங்கக் கை நீட்டினார். கால் மட்டும் நகரவில்லை. காலுக்கு முன்னால் என்னவோ கிடந்தது. கண்ணுசாமி அதைச் சரியாகப் பார்க்காமல் வேகமாக வந்துவிட்டார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. ஆனால் மறுநாள் காலையிலும் அதே பஸ்ஸில் ஏறினார். செவலை அங்கே நிற்கும்போது அவர் வேறு எங்கே போவார்?

பதினாலாவது மாதம் ஒப்புதல் வந்தது. சாணார்பட்டித் தோட்டம் ஒன்றில் பறித்து, அளந்து, முத்திரை குத்திய நாலு எலுமிச்சம்பழம். பீர் முகமது நாலு சக்கரத்துக்கும் காற்றடிக்க பம்ப் கொடுத்தனுப்பினார். ஐப்பசி முகூர்த்தத்துக்கு மூன்று வீட்டில் பேசியாகிவிட்டது. பாண்டிச்செல்வி வெஞ்சனம் இரண்டு வைத்துச் சமைத்து, "சாயங்காலம் நானும் அங்க வாரேன், வண்டியிலயே வீட்டுக்கு வருவோம்," என்றார். கண்ணுசாமி பதினாலு மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தார். செவலையைப் பார்த்ததும் அழுதுவிட்டார். சக்கரம் நாலும் இன்னும் பளபளப்பு மாறாமல் இருந்தன.

சுகன்யா நாலடி தள்ளி நின்று பட்டியலைப் படித்தார். செழியன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஸ்டெப்னி, சரி. ஜாக்கி, சரி. மிதியடி, சரி. எலுமிச்சம்பழம், ஒப்புதல் பெற்ற மாற்று, நான்கு, சரி. கண்ணுசாமி சாவியைக் கையில் எடுத்தார்.

"ஓட்டுநர், ஒன்று," என்று படித்தார் சுகன்யா. "மாநிறம். மீசை கறுப்பு."

செழியன் கண்ணுசாமியின் முகத்தைப் பார்த்தார். வீடியோ இல்லாத மனிதருக்கு மை எதற்கு? மீசை பஞ்சாக வெளுத்திருந்தது.

"என்ன சார் இது?"

"வயசாயிருச்சு சார்."

"பதினாலு மாசத்துலயா?"

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஆமாம் என்று சொல்லியிருப்பார்கள். கண்ணுசாமிக்குப் பொய் சொல்லத் தெரியாது. "அப்பவும் வெள்ளைதேன் சார். மை அடிச்சிருந்தேன்," என்றார்.

சுகன்யாவின் பேனா நின்றது.

"அப்போ நீங்க உள்ள வரும்போதே மாற்றம் செய்யப்பட்ட நிலையிலதான் வந்திருக்கீங்க."

"மீசை என்னோடது சார். நெறத்தைத்தேன்..."

"சக்கரமும் உங்களோடதுதான் சார். அதுக்கு ஒப்புதல் வாங்குனீங்கல்ல?" செழியனின் குரலில் கோபமே இல்லை, அதுதான் கொடுமை. டாக்டர் நோயாளியிடம் பேசுவது போல் பேசினார். "நான் உங்களைச் சந்தேகப்படலை. பட்டியல்ல இருக்கறவர் வேற, நிக்கறவர் வேற. ரெண்டு பேர்ல யாருன்னு தெரியாம ஒருத்தர் கையில வண்டியைக் குடுத்தா, நாளைக்கு அசல் கண்ணுசாமி வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்வேன்? நீங்களே சொல்லுங்க."

கண்ணுசாமி யோசித்தார். மனுஷன் உண்மையிலேயே யோசித்தார் என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. கடைசியில், "அதுவும் நியாயந்தேன் சார்," என்றார்.

"ஒப்புதல் வர்ற வரைக்கும் பொருள் எங்க பொறுப்புல இருக்கட்டும்."

பாண்டிச்செல்வி ஐந்து மணிக்கு வந்தார். தலையில் பூ, கையில் சூடம், தீப்பெட்டி. வாசலில் காவலாளி ஒரு சீட்டைக் கொடுத்தான். 'கண்ணுசாமி, ஒன்று. மேற்படி பொருள் ஆய்வுக்காகப் பெற்றுக்கொள்ளப்பட்டது. இடைக்காலத்தில் மாற்று ஏற்பாடு செய்ய விரும்பினால் முன் அனுமதி அவசியம்.'

அவர் இரண்டு தரம் படித்தார். பிறகு சீட்டைக் கசக்கி அந்த ஆளின் மூஞ்சியில் எறிந்துவிட்டு, "என்னடா நெனச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினார். யாரும் தடுக்கவில்லை. கதவும் திறந்துதான் கிடந்தது.

முன் வரிசையில் செவலை நின்றது. நாலு புதுப் பழமும் சக்கரத்துக்கு முன்னால் அப்படியே இருந்தன. காருக்குப் பக்கத்தில், கையைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கண்ணுசாமி நின்றார். சட்டையில் சாக்பீஸால் ஒரு எண் எழுதியிருந்தது. இரண்டு காலுக்கும் முன்னால் இரண்டு செங்கல்.

"ஏங்க! என்னாங்க இது? வாங்க வீட்டுக்குப் போவோம். வண்டியும் வேணாம், மண்ணும் வேணாம், நீங்க வாங்க!" பாண்டிச்செல்வி அவர் கையைப் பிடித்து இழுத்தார். ஒரு அடி எடுத்து வைத்தால் செங்கல்லைத் தாண்டிவிடலாம். அவ்வளவுதான் உயரம்.

கண்ணுசாமி கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"செத்த இரு செல்வி," என்றார். "செங்கல்லை எடுக்க ஆர்டர் வரணும்."